அளவுப் பலகை

வலது தோள்மூட்டுக்குள் ஆணியை வைத்து யாரோ மெதுவாகத் திருகுவது போல் வலி. வால்ட் ப்ரூஸாக் இடது கையாலேயே ஐஸ் மூட்டையைத் தூக்கி, தொடையில் முட்டுக்கொடுத்து, மீன்பெட்டிக்குள் கவிழ்த்தார். நாற்பது வருடம் நங்கூரம் இழுத்த தோள். ஜனவரியில் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, தசைநார் கிழிந்திருக்கிறது, அறுத்துத் தைக்க வேண்டும், ஆறு மாதம் அந்தக் கையால் ஒரு வாளிகூடத் தூக்கக் கூடாது என்றார். ஆறு மாதம் என்றால் ஒரு சீசன் முழுக்கப் போச்சு. நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவர்தான். மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை.

மே மாதத்து முதல் சனிக்கிழமை. தட்டைமீனுக்குத் தடை நீங்கிய முதல் நாள். வரிமீன் ஏப்ரலிலேயே விரிகுடாவுக்குள் ஏறிவிட்டிருந்தது. காலை ஐந்தரை மணிக்கு ஹைலண்ட்ஸ் துறையில் எல்லாப் படகும் உறுமிக்கொண்டு நின்றன. குளிர்காலம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத ஆட்கள், டீசல் புகைக்கு நடுவே படகுக்குப் படகு கத்திப் பேசிக்கொண்டார்கள். வால்ட்டின் படகுக்கு 'லோரெய்ன்' என்று பெயர். அது அவர் பெண்டாட்டி பெயர். அவள் விவாகரத்து வாங்கிக்கொண்டு பென்சில்வேனியாவுக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. படகுக்குப் பெயர் மாற்றினால் ஆகாது என்று துறையில் எல்லோரும் நம்பினார்கள். வால்ட்டும் நம்பினார். அதனால் லோரெய்ன் இன்னும் பின்பலகையில் நீல எழுத்தில் இருந்தாள்.

ரஸ் மிக்கில்சன் வாளியில் கணவாயும் கையில் காபியுமாக வந்தான். நாற்பத்தொரு வயது. பதினோரு வருடமாக வால்ட்டிடம் மேட். தூண்டிலுக்கு இரை கோப்பது, சிக்கெடுப்பது, மீனை வலையில் அள்ளுவது, அளப்பது, வாந்தி எடுப்பவன் தலையைப் பிடிப்பது, கடைசியில் கரைக்கு வந்து மீனை அறுத்துப் பையில் போட்டுக் கொடுப்பது என்று படகின் பின்பாதி முழுக்க அவன் பொறுப்பு. சுக்கான் மட்டும்தான் வால்ட்டுடையது. ஐஸ் மூட்டையை வால்ட் தூக்கியதைப் பார்த்து அவன் முகம் சுளித்தான்.

"அதை நான் வந்து தூக்க மாட்டேனா? நீங்க கையை ஒடிச்சுக்கிட்டு நின்னா யாரு படகை ஓட்டறது?"

"நீதான் லைசென்ஸ் வாங்கிட்டியே. ஓட்டேன்."

சொன்னது விளையாட்டுக்குத்தான். ரஸ் பிப்ரவரியில் கேப்டன் பரீட்சை பாஸ் பண்ணியிருந்தான். துறையில் ஐரீன் கோவலுக்கு இரண்டு படகு. அவளுடைய இரண்டாவது படகின் கேப்டன் ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டான். மே மாதம் முடியட்டும், ஜூன் ஒன்றாம் தேதி சாவியை வாங்கிக்கொள் என்று ரஸ்ஸிடம் சொல்லியிருந்தாள். இது துறை முழுக்கத் தெரியும். ரஸ்ஸின் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்தில் எங்கப்பா கேப்டன் என்று இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்று அவனே சொல்லிச் சிரித்தான். வால்ட் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்லா இரு என்றார். அது நிஜம்தான். இந்தத் தோளை வைத்துக்கொண்டு ரஸ் இல்லாமல் ஜூனில் என்ன செய்யப்போகிறோம் என்று அப்போதே கணக்குப் போட்டதும் நிஜம்தான்.

ஆறு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். காசு கொடுத்துப் படகில் மீன்பிடிக்க வருகிறவர்கள், பேயோன் ஊரிலிருந்து கூரை போடுகிற ஆறு பேர். அவர்களுக்குத் தலைவன் ஆர்ட்டி, பீப்பாய் மாதிரி உடம்பு, தார் ஏறிக் கறுத்த விரல்கள். வருடா வருடம் முதல் நாளைப் பிடித்து வைத்துக்கொள்பவன். படகில் ஏறும்போதே, போன வருஷம் மாதிரி வெயிலைக் காட்டிட்டு மீனைக் காட்டாம விட்டா உங்க கூரையைப் பிரிச்சுடுவேன் கேப்டன் என்று சொல்லிக்கொண்டே ஏறினான்.

வரிமீன் காலையில் ஏமாற்றவில்லை. கப்பல் தடத்துக்கு வடக்கே பங்கர் என்கிற இரைமீன் கூட்டம் கூட்டமாக மேலே வந்து மழைத்துளி விழுவது போல் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தது. ரஸ் நாலு பங்கரை உயிரோடு பிடித்து மூக்கில் கொக்கி போட்டு விட்டான். பத்து நிமிஷத்தில் தடி வளைந்தது. ஆனால் வந்ததெல்லாம் பெரிசு. வரிமீனுக்குக் கீழே ஒரு வரம்பு, மேலே ஒரு வரம்பு. இருபத்தெட்டு அங்குலத்துக்குக் குறைந்தாலும் விட வேண்டும், முப்பத்தொன்றைத் தாண்டினாலும் விட வேண்டும். நாற்பது அங்குலத்து மீன்களை ஆர்ட்டியின் ஆட்கள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தண்ணீரில் விட்டார்கள்.

"குள்ளமா இருந்தாலும் வேண்டாம், நெட்டையா இருந்தாலும் வேண்டாம். எங்க மாமியார் மாப்பிள்ளை தேடின கதையா இருக்கே" என்றான் ஆர்ட்டி.

"தேடித் தேடிக் கடைசியில உன்னை எடுத்தாங்களே, அவங்க அளவுகோல் உடைஞ்சுபோச்சு போல" என்றான் ரஸ். படகே சிரித்தது. வால்ட்டும் மேலே சுக்கான் அறையில் சிரித்தார். இந்த மாதிரி வாய் இன்னொருத்தனுக்கு வராது.

வரம்புக்குள் அகப்பட்டது ஒரே ஒரு வரிமீன்தான். பத்தரை மணிக்குப் பங்கர் கூட்டம் அடங்கிவிட்டது. கடல் ஏற்றம் தொடங்கியதும் வால்ட் படகைத் திருப்பி, கொக்கிமுனை என்கிற மணல்திட்டுக்கு உட்பக்கம் இருக்கிற ஆழம் குறைந்த மேட்டுக்கு வந்தார். மே மாதத்தில் தண்ணீர் இன்னும் கைவிரலை மரக்கவைக்கும். சேற்றுத் தரை வெயிலில் கொஞ்சம் சூடாகிற இடத்தில்தான் தட்டைமீன் முதலில் படுக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு நீரோட்டத்தில் படகை மிதக்கவிட்டு, தூண்டில் ஈயத்தைத் தரையில் தட்டித் தட்டி இழுக்க வேண்டும். மூன்று மணி நேரம் அப்படி மிதந்தார்கள். சின்னச் சின்னதாக நிறைய வந்தது. பதினெட்டு அங்குலத்துக்குக் கீழே இருப்பதை எடுக்கக் கூடாது. இருபத்தொரு அங்குலத்தில் ஒன்று வந்தபோது படகு ஒரு முறை ஆர்ப்பரித்தது. அதற்குப் பிறகு பொடிசுதான். ஆர்ட்டி பேச்சை நிறுத்திவிட்டான். பேசுகிறவன் பேச்சை நிறுத்தினால் அடுத்த வருடம் வேறு படகுக்குப் போவான் என்று வால்ட்டுக்குத் தெரியும்.

அப்புறம்தான் அந்த மூன்று வந்தது, முக்கால் மணி நேரத்துக்குள். முதலாவதை ரஸ் பின்பலகையில் திருகியிருந்த அளவுப் பலகையில் வைத்து, மூக்கை முட்டுத் தகட்டில் ஒட்டி, வாலை இழுத்துப் பார்த்தான். பதினெட்டுக் கோட்டைத் தொட்டது. தொட்டதோடு சரி. அவன் அதைத் தூக்கித் தண்ணீருக்குமேல் பிடித்தான்.

"என்னப்பா, என்ன செய்யறே?" என்று மேலேயிருந்து வால்ட் கேட்டார்.

"கோட்டுல நிக்குது கேப்டன். விட்டுடறேன்."

ரஸ் எப்போதும் அப்படித்தான். கோட்டை ஒரு நூலாவது தாண்டாத மீனை அவன் பெட்டியில் வைக்க மாட்டான். ஐஸில் கிடந்தால் மீன் சுருங்கும், கரையில் அளந்தால் குறையும் என்பான். உண்மைதான், துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"அளவுக்கு வந்தா அளவுதான். பெட்டியில போடு."

ரஸ் அண்ணாந்து பார்த்தான். ஆர்ட்டியும் அவன் ஆட்களும் ரஸ்ஸைப் பார்த்தார்கள். மீன் பெட்டிக்குள் போயிற்று. அடுத்ததும் சரியாகப் பதினெட்டு. மூன்றாவது பதினெட்டு ஒரு நூல். எல்லாம் பெட்டிக்குள் போயின. ஆர்ட்டிக்கு வாய் திறந்தது. திரும்பி வரும்போது பீர் டப்பாவைத் திறந்து ரஸ்ஸுக்கு நீட்டினான். வேலை முடியவில்லை என்று ரஸ் வாங்கவில்லை.

துறையில் கயிறு கட்டும்போதே பச்சைச் சட்டை போட்ட மீன்வள அதிகாரி நடந்து வருவது தெரிந்தது. முதல் நாளில் அவர்கள் வருவது வழக்கம்தான். சின்ன வயசுப் பெண். மரியாதையாகப் பேசினாள். படகில் ஏறி, உரிமத்தைப் பார்த்தாள், பெட்டியைத் திறக்கச் சொன்னாள். தன் பையிலிருந்து மடக்குப் பலகை ஒன்றை எடுத்து, தளத்தில் விரித்து, மீன்களை ஒவ்வொன்றாக வைத்தாள். வரிமீன் சரி. பெரிய தட்டைமீன் சரி. அடுத்ததை வைத்தவள் நிமிரவில்லை. வாலை மறுபடி ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து அளந்தாள்.

பதினேழே முக்கால் என்றாள். அடுத்ததும் பதினேழே முக்கால். மூன்றாவது பதினேழே முக்காலும் ஒரு நூலும்.

ரஸ்ஸின் முகம் செத்துப்போயிற்று. நான் அளந்தேன், ஒவ்வொன்றையும் அளந்தேன், பதினெட்டு இருந்தது, இவங்க எல்லாரும் பார்த்தாங்க என்றான். ஐஸில் சுருங்கியிருக்கும் என்றான். சுருங்கும் என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் கோட்டில் நிற்பதை எடுக்கக் கூடாது என்று வருடா வருடம் சொல்கிறோம் என்றாள் அவள். குரலில் கோபம் எதுவும் இல்லை.

வால்ட்டுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஐஸில் சுருங்குகிற மீன் ஒன்று ஒரு நூல் சுருங்கும், ஒன்று மூணு நூல் சுருங்கும், ஒன்று சுருங்காமலே கிடக்கும். மூன்று மீனும் ஒரே மாதிரி, சரியாக இரண்டு நூல், கால் அங்குலம் குறையாது. அவர் தலையைத் திருப்பிப் பின்பலகையைப் பார்த்தார்.

ஏப்ரலில் படகு கரையில் முட்டுமேல் நின்றபோது அளவுப் பலகையின் முட்டுக்கட்டை உளுத்துப்போயிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு ஒரு துண்டு அலுமினியத் தகட்டை வைத்துத் திருகினார். தோள் வலியில் வலது கை எழவில்லை, இடது கையால் திருகினார். பழைய கட்டை, பலகையில் பதித்திருந்த அங்குலக் கோட்டுப் பட்டியின் நுனிக்கு வெளியே, அதை ஒட்டி நின்றது. புதுத் தகட்டை அவர் பட்டியின் நுனிமேலேயே ஏற்றி வைத்துவிட்டார். கால் அங்குலக் கனமுள்ள தகடு. பட்டியின் முதல் கால் அங்குலம் அதற்கு அடியில் போய்விட்டது. அந்தத் தகட்டில் மூக்கை வைக்கிற எந்த மீனும் இருப்பதைவிட இரண்டு நூல் நீளமாகத்தான் காட்டும். இப்போது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. தெரிந்த பிறகு, அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"இதை அளந்து பெட்டியில வச்சது யாரு?" என்று அதிகாரி கேட்டாள். அபராதச் சீட்டு ஒன்றுதான் எழுதுவேன், பொறுப்பு யாருடையதோ அவர் பேருக்கு எழுதுவேன் என்றாள். சொல்லிவிட்டு வால்ட்டைத்தான் பார்த்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் வால்ட் பேரில் ஒரு சீட்டு இருந்தது, வரிமீன் ஒன்று அதிகமாக வைத்திருந்ததற்கு. இரண்டாவது எழுதினால் விசாரணைக்குப் போக வேண்டும். விசாரணை முடியும்வரை ஆள் ஏற்றிக்கொண்டு போகிற அனுமதியை நிறுத்தி வைப்பார்கள். அப்படி நின்று ஒரு சீசனைத் தொலைத்தவனை அவருக்குத் தெரியும். இதெல்லாம் அவர் தலைக்குள் ஓட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். ஒரு மூச்சு. அந்த மூச்சுக்குள் ரஸ் பேசிவிட்டான்.

"நான்தான் அளந்தேன். நான்தான் வச்சேன்."

மேலேயிருந்து போடச் சொன்னவர் யார் என்று அவன் சொல்லவில்லை. ஆர்ட்டி வாயைத் திறந்தான், ரஸ் அவனைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். வால்ட் கையில் ஈரத் துணி இருந்தது, எதற்காகவோ எடுத்தது. அவர் இரண்டு அடி பின்னால் வைத்து, அந்தத் துணியை அளவுப் பலகையின்மேல் போட்டார். காயப்போடுகிற மாதிரி விரித்துப் போட்டார். யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் ஒரு கேப்டன் துணியைப் போடுவதில் என்ன இருக்கிறது.

அதிகாரி எழுதினாள். மீன் மூன்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். போகும்போது, இனிமே ஒரு நூலாவது கூட வச்சு எடுங்க சார் என்று ரஸ்ஸிடம் சொன்னாள். ரஸ் சரி என்றான். அதைத்தான் பதினோரு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை.

ஆர்ட்டியின் ஆட்கள் போன பிறகு ரஸ் தளத்தைக் கழுவினான். அபராதத்தை நான் கட்டுகிறேன் என்றார் வால்ட். வேண்டாம் கேப்டன், அளந்தது என் கை என்றான் அவன். கொஞ்சம் கழித்து, குழாயை நிறுத்தாமலே, முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டான்:

"ஐரீன் காதுக்கு இந்நேரம் போயிருக்கும், இல்ல?"

"போனா என்ன? அவளுக்கு உன்னைத் தெரியாதா?" என்றார் வால்ட்.

அவன் வீட்டுக்குப் போன பிறகு வால்ட் துணியை எடுத்தார். திருப்புளியை இடது கையில் பிடித்து, நாலு திருகையும் கழற்றி, தகட்டைப் பட்டியின் நுனிக்கு வெளியே தள்ளிவைத்து மறுபடி திருகினார். பழைய ஓட்டை நாலையும் மரப்பசை வைத்து அடைத்தார். இரண்டு நாளில் காய்ந்து வெள்ளையாகிவிடும். இனிமேல் ரஸ்ஸின் கையில் தப்பு வரக்கூடாது என்றுதான் செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லும்போதே அது பாதிதான் நிஜம் என்று தெரிந்தது. அந்தத் தகடு இருந்த இடத்தில் இருந்தவரைக்கும் ரஸ் பக்கம் ஒரு சாட்சி இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை எண்ணெய் போடுகிற இடத்தில் ஐரீன் நின்றாள். ஐம்பத்தெட்டு வயது, ஆண்பிள்ளை மாதிரி காலை அகட்டி நிற்பாள். அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது அளவு குறைந்த மீனால் ஒரு வருடம் படகைக் கட்டிப்போட்டுவிட்டு உட்கார்ந்தவன். அந்த ஒரு வருடத்தை அவள் மறக்கவில்லை. அவள் குழாயைப் பிடித்துக்கொண்டே, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"வால்ட், அந்த மூணு மீனு விஷயம். உன் படகுல நடந்தது. நீதான் சொல்லணும். அவன் அசட்டையா?"

"ரஸ்ஸா? அவனை மாதிரி ஆள் கிடைக்காது."

"அது எனக்கும் தெரியும். நான் கேட்டது அது இல்ல. அளவுல தப்பு எப்படி வந்துச்சு?"

இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு எதுவும் தடையாக இல்லை. துறையில் வேறு யாரும் பக்கத்தில் இல்லை. ஐரீன் அதிகாரியிடம் போய்ச் சொல்கிற ஆளும் இல்லை. தகட்டைத் தப்பா வச்சுட்டேன் ஐரீன், அவன் கோட்டுல நிக்கிறதை விடறேன்னு சொன்னான், நான்தான் போடச் சொன்னேன். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கலாம். வால்ட் எண்ணெய்க் குழாயின் எண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐஸ்ல கிடந்தா சுருங்கும். உனக்குத் தெரியாததா" என்றார்.

ஐரீன் தலையாட்டினாள். சுருங்கும் என்று தெரிந்த ஆள்தான் எனக்குச் சுக்கானில் வேண்டும் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. அவளுக்கு அது வெறும் கணக்கு. வெள்ளிக்கிழமைக்குள் பெல்மார் ஊரிலிருந்து வேறொரு கேப்டனை வரச் சொல்லிவிட்டாள்.

ரஸ் அதை வால்ட்டிடம் சொன்னது காலையில் இரை வெட்டிக்கொண்டிருக்கும்போது. அவள் சொன்னது நியாயம்தான், அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன் என்றான். கணவாயை நீள நீளமாக, விரல் அகலத்துக்குச் சரியாக வெட்டிக்கொண்டிருந்தான், கத்தி ஒரு முறைகூடப் பிசகவில்லை. பெண்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இரண்டு நாளாக யோசித்தானாம். கடைசியில், அப்பா இந்த வருஷம் போகலை என்று மட்டும் சொன்னானாம். சின்னவள் ஏன் என்று கேட்டாளாம். ஒரு மீனைச் சரியா அளக்கலைன்னு சொன்னேன் கேப்டன், வேற என்ன சொல்றது என்றான்.

வால்ட் வாயைத் திறந்தார். அன்றைக்கு வந்த ஆட்கள் படகில் ஏறும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து போய் அவர்களுக்கு வணக்கம் சொன்னார்.

ரஸ் போகாததால் ஜூன் மாதம் வால்ட்டின் தோள் தப்பியது. நங்கூரத்தை அவன் இழுத்தான், ஐஸை அவன் தூக்கினான், வலைநிறைய மீனை அவன் அள்ளினான். ஏழு நாளில் ஆறு நாள் ஆட்கள் வந்தார்கள். இத்தனை நல்ல ஜூன் மாதம் வால்ட்டுக்கு ஐந்து வருடத்தில் கிடைக்கவில்லை. படுக்கையில் வலி குறைந்து புரளும்போதெல்லாம், யாருடைய முதுகில் இந்தச் சுகம் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று நினைப்பு வந்தது. ரஸ்ஸை நிறுத்தி வைக்கத்தான் அன்றைக்கு வாயை மூடினேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். இல்லை, விசாரணைக்குப் பயந்துதான் என்று பதில் சொல்லிக்கொண்டார். அதிகாரி முன்னால் பயம் சரி. ஐரீன் முன்னால் என்ன பயம்?

ரஸ் மாறிப்போயிருந்தான். வாய் குறைந்துவிட்டது. சொந்தக் காசில் ஒரு மடக்குப் பலகை வாங்கி வந்தான், அதிகாரி வைத்திருந்த மாதிரியே. ஒவ்வொரு தட்டைமீனையும் முதலில் படகின் பலகையில் அளப்பான், பிறகு தன் பலகையில் அளப்பான், பதினெட்டரைக்குக் குறைந்ததைத் தண்ணீரில் விட்டுவிடுவான். ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஒருவன், உன் கண்ணுல என்ன கோளாறு, பதினெட்டு தாண்டி நிக்குதே என்று சத்தம் போட்டான். எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை கண்ணு கோளாறு ஆயிடுச்சுங்க என்றான் ரஸ். வால்ட் சுக்கான் அறையில் கேட்டுக்கொண்டு நின்றார்.

ஜூன் கடைசியில் ஒரு மதியம், ஆட்கள் இறங்கிப் போன பிறகு, ரஸ் அளவுப் பலகையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். தேய்த்த கை நின்றது. குனிந்து, கட்டை விரலால் தடவினான். மரப்பசையில் அடைத்த நாலு புள்ளி, தகட்டிலிருந்து கால் அங்குலம் தள்ளி, பட்டியிலேயே வெள்ளையாகத் தெரிந்தது.

"கேப்டன், இது என்ன ஓட்டை?"

"பழைய ஓட்டை."

"பட்டிமேலயா?"

"ஏப்ரல்ல ஏதோ திருகினேன். ஞாபகம் இல்ல."

ரஸ் சிறிது நேரம் அந்தப் புள்ளிகளைப் பார்த்தான். தன் மடக்குப் பலகையை எடுத்து, தகட்டுக்கும் புள்ளிக்கும் நடுவே வைத்து அளந்தானா, சும்மா கையில் எடுத்தானா, வால்ட்டுக்குச் சரியாகத் தெரியவில்லை. அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு குழாயைத் திறந்து பலகையைக் கழுவி முடித்தான். கத்திகளைத் துடைத்து உறையில் போட்டான். நாளைக்கு ஐந்தரைக்குத்தானே கேப்டன் என்று கேட்டான். ஆமாம் என்றார் வால்ட். அவன் போனான்.

மறுநாள் காலை கப்பல் தடத்தில் ஐரீனின் இரண்டாவது படகு பக்கத்தில் வந்து கடந்தது. பெல்மார்க்காரன் சுக்கானில் நின்றான். ரஸ் அவனுக்குக் கை தூக்கினான், அவனும் கை தூக்கினான். துறையில் எல்லோரும் எல்லோருக்கும் செய்வதுதான். ரஸ் உடனே குனிந்து இரையைக் கோக்கத் தொடங்கினான். வால்ட் எஞ்சின் வேகத்தைக் குறைத்தார். ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். ஐரீனின் வீட்டு ஃபோன் எண் அவருக்கு மனப்பாடம், ஃபோன் சட்டைப்பையில் இருந்தது. ரஸ் எட்டடி தூரத்தில் நின்றான். ஆட்கள் ஆறு பேரும் காபியோடு காத்திருந்தார்கள். இடது பக்கம் போடுங்க, நீரோட்டம் இடது பக்கம் இழுக்குது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்.

ஜூலை வந்தது. அந்தத் தகட்டைத் தப்பாக வைத்ததும், அந்த மீன்களைப் போடச் சொன்னதும் நான்தான் என்று ஐரீனிடமும் அதிகாரியிடமும் சொல்ல வேண்டிய அந்தப் பேச்சை வால்ட் ரஸ்ஸுக்கு இன்னும் கடன்பட்டிருக்கிறார்.